வறண்ட வடிகாலுக்குள் போகலாமா?

கேள்வி: நாங்கள் ஐந்து நண்பர்கள், கல்லூரி மூன்றாம் ஆண்டு மாணவர்கள். பெரிய மழைநீர் வடிகால் ஒன்றின் வெளிவாய் எங்கள் விடுதிக்குப் பின்னாலுள்ள ஓடையில் திறக்கிறது. ஆளுயரத்துக்கும் சற்று அதிகமான கான்கிரீட் பெட்டி வடிகாலாகத் தொடங்கி, முதல் மேன்ஹோல் அறைக்கு அப்பால் அது வட்டக் குழாயாகச் சுருங்குகிறது. எங்களில் ஒருவன் ஏற்கெனவே இரண்டு முறை உள்ளே போய்ப் படம் எடுத்து வந்திருக்கிறான், எதுவும் ஆகவில்லை. வரும் விடுமுறையில் எல்லாரும் சேர்ந்து கடைசி வரை போய்ப் பார்க்கத் திட்டமிட்டிருக்கிறோம். மழைக்காலம் முடிந்துவிட்டது, அது சாக்கடையும் அல்ல. தலைவிளக்கு, கயிறு, முகக்கவசம் எல்லாம் இருக்கின்றன. ஒருவர் வெளியே காவல் இருப்பார். வெளிநாடுகளில் இதற்கென்றே குழுக்கள் இருப்பதாகவும் படித்தோம். எனக்கு மட்டும் கொஞ்சம் தயக்கம். சொன்னால் பயந்தாங்கொள்ளி என்கிறார்கள். வேறு என்னென்ன எடுத்துச் செல்ல வேண்டும், எவ்வளவு தூரம் வரை போகலாம் என்று கூறுங்கள். நான்கு படங்களை இணைத்திருக்கிறேன்.

பதில் (மழைநீர் வடிகால் வடிவமைப்பு, பராமரிப்புப் பொறியாளர்):

அன்புள்ள நண்பருக்கு,

எவ்வளவு தூரம் வரை போகலாம் என்ற கேள்விக்கு என் பதில், வெளிவாயைத் தாண்டி ஓரடியும் வேண்டாம் என்பதே. இது உங்களுக்கு ஏமாற்றமாக இருக்கும் என்று தெரியும். அதனால் ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதை விரிவாகவே எழுதுகிறேன். நிலத்தடியில் என்ன இருக்கிறது என்று பார்க்கத் துடிக்கும் ஆர்வத்தில் எந்தத் தவறும் இல்லை. இந்தத் தொழிலுக்கு வந்த பலரை இழுத்து வந்ததே அந்த ஆர்வம்தான். அதைத் தீர்த்துக்கொள்ள நீங்கள் தேர்ந்தெடுத்திருக்கும் வழியைப் பற்றித்தான் பேச வேண்டியிருக்கிறது.

முதலில் நீங்கள் அனுப்பிய படங்கள். உங்கள் நண்பர் அவற்றை வெளிச்சத்தின் அழகுக்காக எடுத்திருக்கிறார். நான் சுவரைப் பார்த்தேன். இரண்டாவது படத்தில், தலைக்கு மேலே, இரண்டு கான்கிரீட் துண்டுகள் சேரும் இடுக்கில் பிளாஸ்டிக் கிழிசல் ஒன்று சிக்கித் தொங்குகிறது. அதன் அருகே காய்ந்த புல்லும் ஒட்டியிருக்கிறது. அவை அங்கே நடந்து போய் ஏறியிருக்க முடியாது. அண்மையில் என்றோ ஒரு நாள் தண்ணீர் அந்தக் கூரையைத் தொட்டு ஓடியிருக்கிறது, நடுவில் மூச்சு விட ஒரு சாண் இடமும் இல்லாமல். பக்கச் சுவரில் இடுப்பளவில் தெரியும் கருங்கோடு அடிக்கடி வரும் நீர்மட்டம். கூரையில் சிக்கிய கிழிசல் எப்போதாவது வரும் நீர்மட்டம். உங்கள் நண்பர் உள்ளே போன இரண்டு நாள்களும் இந்த இரண்டு மட்டங்களும் இல்லாத நாள்கள், அவ்வளவுதான்.

‘எதுவும் ஆகவில்லை’ என்ற அந்தச் சொல்லில்தான் இந்த ஆபத்தின் முழுச் சூட்சுமமும் இருக்கிறது. மழைநீர் வடிகால் என்பது ஆண்டின் பெரும்பாலான மணி நேரங்களில் ஏறக்குறைய வெறுமையாகவே கிடக்கும் கட்டுமானம். இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறையோ ஐந்து ஆண்டுகளுக்கு ஒரு முறையோ வரக்கூடிய ஒரு கனமழையைக் கணக்கில் கொண்டு அதன் அளவை நிர்ணயிக்கிறோம். மற்ற நாள்களில் அடியில் ஒரு விரற்கடை நீர் கசிந்தபடி இருக்கும். ஆகவே யார் உள்ளே போனாலும், எத்தனை முறை போனாலும், பெரும்பாலும் நலமாகத் திரும்பத்தான் செய்வார்கள். அந்தத் திரும்பி வருதல் அவர்களுடைய திறமையைப் பற்றியோ எச்சரிக்கையைப் பற்றியோ எதையும் நிரூபிப்பதில்லை. மலையேற்றத்தில் சிறு சறுக்கல்கள் பெரிய விழுதலுக்கு முன் பாடம் கற்றுத் தரும். வடிகாலில் அப்படிப்பட்ட இடைநிலைப் பாடமே கிடையாது.

அடுத்தது மழைக்காலம் முடிந்துவிட்டது என்ற நம்பிக்கை. ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகரில் 1986-இல் தொடங்கிய ‘கேவ் கிளான்’ என்ற குழுவைத்தான் நீங்கள் படித்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். வடிகால்களுக்குள் போவதற்கென்றே கூடிய இளைஞர்கள் அவர்கள். மழை பெய்தால் வடிகால் கிடையாது என்பதே அவர்களிடமும் முதல் விதி. அந்த விதி சரியானதே, ஆனால் போதுமானதன்று. ஏனென்றால் வெளிவாயில் நிற்பவருக்குத் தெரிகிற வானம் வேறு, வடிகாலுக்கு நீர் அனுப்புகிற வானம் வேறு. வெளிவாய் என்பது நீர்ப்பிடிப்புப் பகுதியின் கடைக்கோடி. அதன் மறுகோடி பல கிலோமீட்டர் தொலைவில் இருக்கலாம், அங்கே ஒரு கோடை இடிமழை கொட்டிக்கொண்டிருக்கும்போது உங்கள் தலைக்கு மேல் வெயில் அடிக்கலாம்.

எண்களை வைத்தே பார்ப்போம். நீங்கள் மாணவர்கள், சரிபார்த்துக்கொள்ளலாம். ஒரு சதுர மீட்டரில் 1 மில்லிமீட்டர் மழை என்பது 1 லிட்டர் நீர். வடிகாலுக்கு நீர் அனுப்பும் பரப்பு 1 சதுர கிலோமீட்டர் என்றும், அரை மணி நேரத்தில் 10 மில்லிமீட்டர் பெய்தது என்றும் வைத்துக்கொள்வோம். குடை மறந்தவர் அலுத்துக்கொள்ளும் அளவு மழைதான் அது. விழுந்தது 10,000 கன மீட்டர். கூரை, சாலை, சிமென்டுத் தரை நிறைந்த நகர்ப்பகுதியில் அதில் 70 விழுக்காடு மண்ணில் இறங்காமல் ஓடி வரும் என்றால் 7,000 கன மீட்டர், அதாவது நொடிக்கு ஏறக்குறைய 3.9 கன மீட்டர். 1.5 மீட்டர் விட்டமுள்ள குழாயின் குறுக்குப் பரப்பு 1.77 சதுர மீட்டர். அந்த நீர் அதில் நொடிக்கு 2.2 மீட்டர் வேகத்தில், குழாய் நிறைய ஓடும். ஒரு கிலோமீட்டரை அது எட்டு நிமிடங்களுக்குள் கடந்துவிடும். குனிந்தபடி, வழுக்கும் தரையில், மணிக்கு 2 அல்லது 3 கிலோமீட்டர் வேகத்தில் நடக்கும் நால்வர் 600 மீட்டர் உள்ளே இருந்தால், வெளியே வர 12 முதல் 18 நிமிடங்கள் ஆகும். இத்தனைக்கும் இது, மழை தொடங்கிய நொடியிலேயே உங்களுக்குத் தகவல் வந்துவிட்டதாக வைத்துக்கொண்ட கணக்கு. உள்ளே கைபேசிக்கு அலைவரிசை கிடைக்காது. வெளியே நிற்கும் நண்பர் வெயிலில்தான் நின்றுகொண்டிருப்பார்.

குழாய் நிறைய வேண்டும் என்பதும் இல்லை. முழங்கால் உயரம், அதாவது அரை மீட்டர் ஆழத்தில் நொடிக்கு 2 மீட்டர் வேகத்தில் வரும் நீர் இரண்டு கால்களின் மீது 20 கிலோவுக்கும் மேற்பட்ட எடைக்கு ஈடான விசையைப் பக்கவாட்டில் செலுத்தும். வேகம் இரட்டித்தால் விசை நான்கு மடங்கு. வெள்ளத்தில் மனிதர் நிற்கும் திறனைப் பற்றிய ஆஸ்திரேலியப் பொறியியல் வழிகாட்டுதல், ஆழத்தை மீட்டரிலும் வேகத்தை நொடிக்கு மீட்டரிலும் பெருக்கி வரும் எண் பெரியவர்களுக்கு 0.6-ஐத் தாண்டினால் குறைந்த ஆபத்து என்ற எல்லை முடிந்துவிடுவதாகக் கொள்கிறது. மேலே சொன்ன எடுத்துக்காட்டில் அந்த எண் 1. பாசி படர்ந்த, வளைந்த குழாய்த் தரைக்கு அந்த எல்லையையும் குறைத்தே வைக்க வேண்டும்.

விழுந்தவர் எங்கே போவார் என்பதையும் சொல்லியாக வேண்டும். நீர் தங்கு தடையின்றி ஓட வேண்டும் என்பதற்காக, குப்பை சிக்கும் எந்தத் திட்டையும் பிடிமானத்தையும் வடிவமைப்பிலேயே நாங்கள் நீக்கிவிடுகிறோம். 2018 ஜூன் 23 அன்று தாய்லாந்தின் தாம் லுவாங் குகைக்குள் வறண்ட வாயில் வழியாக நுழைந்த 12 சிறுவர்களும் அவர்களுடைய பயிற்சியாளரும், பின்னால் நீர் ஏறி வழியை அடைத்த பிறகும் பிழைத்ததற்கு உள்ளே ஓர் உயரமான மேடு இருந்ததே முதற்காரணம்; அப்படியிருந்தும் கடைசிச் சிறுவன் வெளியே வர ஜூலை 10 ஆனது, மீட்புப் பணியில் முன்னாள் கடற்படை வீரர் ஒருவர் உயிரிழந்தார். நன்றாகக் கட்டப்பட்ட வடிகாலில் அப்படியொரு மேடு இருக்காது. மாறாக, வண்டல் தங்குவதற்கென்று தோண்டப்பட்ட பள்ளங்கள் இருக்கும், மேலிருந்து கீழே நீர் விழும் செங்குத்துக் கிணறுகள் இருக்கும், பெரிய குப்பைகளைத் தடுக்கும் கம்பித் தடுப்புகள் இருக்கும். இந்தக் கம்பித் தடுப்புகள்தாம் மிகக் கொடியவை. நீரோட்டம் ஒருவரை அதன் மேல் அழுத்திப் பிடித்துவிட்டால், எத்தனை பேர் இழுத்தாலும் நீர்மட்டம் தணியும் வரை அசைக்க முடியாது.

மேன்ஹோல் வழியாக மேலே ஏறிவிடலாம் என்று உங்கள் நண்பர்கள் நினைத்திருக்கக்கூடும். சாலையில் போடும் வார்ப்பிரும்பு மூடிகள் பல 50 கிலோவுக்கு மேல் எடையுள்ளவை. ஆண்டுக்கணக்கில் மண்ணும் தாரும் இறுகி, மேலிருந்து கடப்பாரை போட்டே திறக்க வேண்டிய நிலையில் இருப்பவை. இரும்புப் படியில் ஒற்றைக் கையால் தொங்கியபடி தலைக்கு மேலுள்ள அந்த மூடியைத் தள்ளுவது நடக்காத காரியம். தப்பித் தவறித் திறந்தாலும் மேலே ஓடுவது போக்குவரத்து. உங்கள் மூன்றாவது படத்திலுள்ள அறையில் கீழிருந்து நான்காவது படியே இல்லை, அதற்கு மேலுள்ளது துருவேறி நடுவில் மெலிந்திருக்கிறது. அப்படிப்பட்ட படி சுவருக்குள் புதைந்த இடத்தில்தான் அதிகம் அரித்திருக்கும், வெளியே தெரிவதைப் பார்த்து அதன் வலிமையை மதிப்பிட முடியாது.

தண்ணீரைப் பற்றி இவ்வளவு சொன்னேன், அது கண்ணுக்குத் தெரிகிற எதிரி. காற்று தெரியாது. மழைநீர் வடிகாலில் கழிவுநீர் கலப்பதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். வரைபடத்தில் அப்படித்தான் இருக்கும். உலகின் பல பழைய நகரங்களில் இரண்டுக்கும் ஒரே குழாய்தான். தனித்தனியே அமைத்த நகரங்களிலும் யாரேனும் ஓர் இரவில் தோண்டி இணைத்துவிட்ட கள்ள இணைப்புகள் இல்லாத வடிகாலை நான் பார்த்தது குறைவு. உங்கள் முதல் படத்தில் இடப்பக்கச் சுவரைத் துளைத்துக்கொண்டு வரும் சாம்பல் நிறக் குழாயும் அதன் கீழே வடிந்திருக்கும் கரும்பட்டையும் அந்த வகையைச் சேர்ந்தவையாகவே தோன்றுகின்றன. அதோடு, இலையும் தழையும் வண்டலில் புதைந்து அழுகினாலே போதும், உள்ளே உயிர்க்காற்று குறையத் தொடங்கும்.

வெளிக்காற்றில் ஆக்சிஜன் 20.9 விழுக்காடு. அது 19.5-க்குக் கீழே போனால் மூச்சுக்கருவி இல்லாமல் யாரையும் உள்ளே விடக்கூடாது என்பது தொழிற்பாதுகாப்பு விதி. ஆக்சிஜன் குறைவதை உடல் உணர்வதில்லை; மூச்சுத் திணறலாக நாம் உணர்வது பெரும்பாலும் கரியமில வாயு மிகுவதைத்தான், ஆகவே ஆக்சிஜன் மட்டும் குறைந்த இடத்தில் ஒருவர் சிரித்துப் பேசிக்கொண்டே நிலைகுலைந்து விழலாம். அடுத்தது ஹைட்ரஜன் சல்பைடு, அழுகிய முட்டை நாற்றமுள்ள வாயு. பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக இருக்கும்போதே மூக்குக்குத் தெரிந்துவிடும். ஆனால் பத்து லட்சத்தில் 100 பங்கை எட்டும்போது மோப்ப நரம்பே மரத்துவிடுவதால், நாற்றம் நின்றுவிட்டது, அப்பாடா என்று தோன்றும் கணமே உயிருக்கு ஆபத்தான கணமாக இருக்கலாம். அளவு சில நூறுகளைத் தாண்டினால் மயக்கம், 1,000-ஐ எட்டினால் ஓரிரு மூச்சிலேயே விழுந்துவிடுவார்கள். இது காற்றைவிடக் கனமானது, தாழ்வான இடத்தில் தேங்கும். சகதிக்குள் குமிழ்களாக அடைபட்டும் கிடக்கும். முன்னே போகிறவர் சகதியை மிதித்துக் கலக்க, பின்னே வருகிறவர் அதைச் சுவாசிப்பார். உங்கள் முகக்கவசம் தூசியைத் தடுக்கும், வாயுவைத் தடுக்காது. ஆக்சிஜன் இல்லாத இடத்தில் ஆக்சிஜனைத் தரவும் தராது.

தீப்பிடிக்கும் வாயுக்களும் உண்டு. மீத்தேன் காற்றில் 5 முதல் 15 விழுக்காடு வரை கலந்திருந்தால் ஒரு பொறி போதும். அழுகலிலிருந்து வருவது ஒருபுறம் இருக்க, மேலே யாரோ கொட்டுவதும் கசிய விடுவதும் கடைசியில் வந்து சேரும் இடம் வடிகால்தான். 1992 ஏப்ரல் 22 அன்று மெக்சிகோவின் குவாதலஹாரா நகரில், குழாயிலிருந்து கசிந்த பெட்ரோல் சாக்கடைக்குள் இறங்கி வெடித்ததில் கிலோமீட்டர் கணக்கில் தெருக்கள் பிளந்து 200-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். 2014 ஜூலை 31 இரவு தைவானின் காவ்சியுங் நகரில் நடந்தது உங்களுக்கு இன்னும் நெருக்கமான செய்தி. அங்கே மழைநீர்ப் பெட்டி வடிகால் ஒன்றின் ஊடாகச் சென்ற புரொப்பிலீன் குழாய் ஈரத்தில் அரித்துக் கசிந்தது, வாயு வடிகால் வழியாகவே பரவி வெடித்தது, 30-க்கும் மேற்பட்டவர்கள் உயிரிழந்தார்கள். இறந்தவர்கள் யாரும் வடிகாலுக்குள் இறங்கியவர்கள் அல்லர் என்பதையும் கவனியுங்கள்.

இப்போது துணை இருக்கிறது என்ற வாதத்துக்கு வருகிறேன். என் பார்வையில் உங்கள் திட்டத்தின் மிகப் பலவீனமான இடம் இதுதான். மூடிய இடங்களில் ஒருவர் விழுந்தால் அடுத்தவர் பாய்ந்து இறங்குவது மனித இயல்பு. அவரும் அதே காற்றைத்தான் சுவாசிப்பார். கழிவுநீர்த் தொட்டி விபத்துச் செய்திகளில் ‘காப்பாற்றச் சென்றவர்களும்’ என்ற சொல் திரும்பத் திரும்ப வருவதை நீங்களே கண்டிருப்பீர்கள். அமெரிக்காவின் தொழிற்பாதுகாப்பு, உடல்நல ஆய்வு நிறுவனம் 1986-இல் வெளியிட்ட எச்சரிக்கை, இத்தகைய இடங்களில் இறந்தவர்களில் 60 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் காப்பாற்றப் போனவர்கள் என்று குறிப்பிட்டது. பயிற்சி பெற்ற தொழிலாளர்களின் நிலையே இது. நண்பர்கள் என்றால் தயக்கம் இன்னும் குறைவாகத்தான் இருக்கும். அது நட்புக்குப் பெருமை, ஆனால் குழாய்க்குள் அதுவே பெரிய ஆபத்து. நால்வர் வரிசையாக நடக்கும்போது திரும்புவோம் என்று சொல்லும் துணிச்சல் எவருக்கும் எளிதில் வராது என்பதும் உங்கள் கடிதத்திலேயே தெரிகிறது.

நாங்கள் எப்படி இறங்குகிறோம் என்பதையும் சொல்லிவிடுகிறேன், கருவிகளின் பட்டியல் கேட்டீர்கள் அல்லவா. முதலில், இறங்க வேண்டுமா என்றே கேட்போம். சக்கரம் பூட்டிய கேமராவை அனுப்பிப் பார்த்துவிட முடியுமானால் மனிதர் இறங்குவதில்லை. இறங்கியே ஆக வேண்டுமென்றால் எழுத்தில் நுழைவு அனுமதிச் சீட்டு வேண்டும். நீர்ப்பிடிப்புப் பகுதி முழுவதற்குமான மழை முன்னறிவிப்பைப் பார்த்து, மேலேயுள்ள மதகுகளையும் நீரேற்று நிலையங்களையும் இயக்குபவர்களிடம் சொல்லி வைக்கிறோம், ஏனெனில் மழையே இல்லாமலும் ஒரு பம்பை இயக்கினால் நீர் வரும். அடுத்தடுத்த மூடிகளைத் திறந்து காற்றூதி வைத்து நெடுநேரம் காற்றைச் செலுத்துகிறோம். ஆக்சிஜன், எரிவாயு, ஹைட்ரஜன் சல்பைடு, கார்பன் மோனாக்சைடு ஆகிய நான்கையும் காட்டும் கருவியின் குழலை மேல், நடு, அடி என மூன்று மட்டங்களிலும் இறக்கி, ஒவ்வொன்றிலும் எண் நிலைப்படும் வரை காத்திருந்து குறித்துக்கொள்கிறோம். இறங்குபவர் உடல்வாரில் கட்டிய வடம் முக்காலியின் மேலுள்ள சுழலியில் போய்ச் சேரும். அவர் மயங்கினால் யாரும் உள்ளே போகாமல் மேலிருந்தபடியே சுழற்றித் தூக்குவதற்காக. மேலே நிற்பவருக்கு வேறு எந்த வேலையும் கிடையாது, எது நடந்தாலும் அவர் இறங்கக் கூடாது. இத்தனையும் செய்த பிறகும், வாயுவை அளக்கும் கருவி ஒரு முறை ஒலித்தால் காரணம் கேட்காமல் ஏறிவிடுகிறோம். உங்கள் பட்டியலில் இருக்கும் கயிறு, செங்குத்தாகத் தூக்க முடியாத நீண்ட குழாய்க்குள் காலில் சிக்குவதைத் தவிர வேறு எதற்கும் உதவாது.

சட்டத்தைச் சுருக்கமாகவே சொல்கிறேன்: அனுமதியின்றி வடிகாலுக்குள் நுழைவது பெரும்பாலான இடங்களில் அத்துமீறல். வழக்கு, அபராதம் என்பவற்றைக் காட்டி உங்களைத் தடுக்க நான் விரும்பவில்லை, அது இங்கே முதன்மையான காரணமும் அன்று.

ஏற்கெனவே உள்ளே போய் வந்த உங்கள் நண்பருக்கு ஒரு செய்தி. எலியின் சிறுநீர் கலந்த நீர், காலிலுள்ள சிறு கீறல் வழியாகவோ கண், மூக்கு வழியாகவோ உடலுக்குள் சென்றால் எலிக்காய்ச்சல் வரலாம்; 2 நாள் முதல் 30 நாள் வரை கழித்துக்கூட அறிகுறி தோன்றும். காய்ச்சலும், குறிப்பாகக் கெண்டைக்கால் தசை வலியும், கண் சிவப்பும் வந்தால் உடனே மருத்துவரிடம் போக வேண்டும், வடிகாலில் நடந்ததையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அதைச் சொல்லாவிட்டால் சாதாரணக் காய்ச்சலாக எண்ணிவிட வாய்ப்புண்டு. உள்ளே ஏதேனும் குத்தியிருந்தால் தனுர்வாத (டெட்டனஸ்) ஊசியைப் பற்றியும் கேட்கட்டும்.

என் பேச்சைக் கேட்காமல் யாரேனும் போய்விட்டால் என்ற கவலையும் உங்களுக்கு இருக்கும். உள்ளே இருப்பவர் நீரின் ஓசையில் மாற்றத்தைக் கேட்டாலோ, காற்று திடீரென்று வீசினாலோ, தெளிந்த நீர் கலங்கி இலைகளைச் சுமந்து வரத் தொடங்கினாலோ, பொருள்களை எடுக்கக்கூட நிற்காமல் அருகிலுள்ள வெளிவழியை நோக்கிப் போக வேண்டும். அதற்கு நேரமில்லை என்றால் மேன்ஹோல் படிகளில் எவ்வளவு மேலே ஏற முடியுமோ ஏறி, உடலைப் படியோடு பிணைத்துக்கொண்டு, தட்டிக் கத்தியபடி காத்திருப்பதே மிச்சமிருக்கும் வழி. வெளியே இருப்பவர் எக்காரணம் கொண்டும் நுழையாமல் தீயணைப்புத் துறையை அழைத்து, எத்தனை பேர், எப்போது நுழைந்தார்கள், எந்தத் திசையில் போனார்கள், சாலையில் எந்தெந்த மூடிகள் அந்த வடிகாலைச் சேர்ந்தவை என்று சொல்ல வேண்டும். யாரேனும் மயங்கி விழுந்த நிலையிலும் இதே விதிதான், அது உடன்பிறந்தவராகவே இருந்தாலும்.

ஆர்வத்துக்கு என்ன வழி? உலகின் மிகப் பெரிய நிலத்தடி வெள்ள வடிகால்களில் ஒன்று ஜப்பானின் கசுகாபே பகுதியில் 2006-இல் கட்டி முடிக்கப்பட்டது. நிலத்துக்கு ஏறக்குறைய 50 மீட்டர் கீழே 6.3 கிலோமீட்டர் நீளும் சுரங்கம், 177 மீட்டர் நீளமும் 78 மீட்டர் அகலமும் கொண்ட தொட்டி, அதில் 59 பெருந்தூண்கள். அங்கே பொதுமக்களை வழிகாட்டியுடன் அழைத்துச் செல்கிறார்கள். வெள்ளநீர் உள்ளே வரும் நிலை ஏற்பட்டால் அன்றைய பார்வையை நிறுத்திவிடுகிறார்கள். பாரிஸ் நகரில் 1867 உலகக் கண்காட்சிக் காலத்திலேயே சாக்கடைச் சுரங்கங்களைப் பார்க்க மக்களை அனுமதித்தார்கள், இன்றும் அங்கே அதற்கென அருங்காட்சியகம் இருக்கிறது. அவ்வளவு தூரம் போக முடியாது என்றால், கல்லூரியின் கட்டடப் பொறியியல் துறை வழியாக உள்ளாட்சிப் பொறியாளருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். வடிகாலுக்குள் கேமரா அனுப்பும் நாளில் மேலே நின்று திரையில் பார்க்க மாணவர் குழுவுக்கு இடம் தருவது பெரிய காரியமன்று. நீங்கள் நடந்து பார்த்திருக்கக்கூடியதைவிட அதில் அதிகம் தெரியும்.

இதைவிட எனக்குப் பிடித்த வேலை ஒன்று உண்டு, அதற்கு அனுமதியும் வேண்டாம். வடிகாலை அதன் மேலேயே நடந்து கண்டுபிடிப்பது. வெளிவாயிலிருந்து தொடங்கி மூடிகளையும் சாலையோரக் கம்பித் தட்டுகளையும் வரைபடத்தில் குறித்துக்கொண்டே போங்கள். தெரு எந்தப் பக்கம் சாய்கிறது, மழையன்று எங்கே முதலில் நீர் தேங்குகிறது, பழைய ஓடையோ குளமோ எந்த வழியாக இருந்தது என்று வயதானவர்களிடம் கேளுங்கள். நீர்ப்பிடிப்புப் பகுதியின் எல்லையை நீங்களே வரைந்துவிட முடியும். பிறகு மழை பெய்யும் ஒரு நாள், கரையில் பாதுகாப்பான உயரத்தில் நின்று, தொலைவில் மழை தொடங்கியதிலிருந்து வெளிவாயில் நீர் உயரத் தொடங்க எத்தனை நிமிடம் ஆகிறது என்று கடிகாரம் வைத்துப் பாருங்கள். மேலே ஒருவர், கீழே ஒருவர், கைபேசியில் பேசிக்கொண்டால் போதும். நகர வடிகால்களில் அந்த நேரம் பெரும்பாலும் சில பத்து நிமிடங்களுக்குள்ளேயே அடங்கிவிடும். உங்கள் நண்பர்கள் அந்த நீரை ஒரு முறை நேரில் பார்த்துவிட்டால், பயந்தாங்கொள்ளி என்ற பேச்சுக்கு நீங்கள் பதில் சொல்ல வேண்டியிருக்காது.

கடைசியாக, நான்காவது படத்தில் வெளிவாயின் கம்பிக் கதவு கீல் பெயர்ந்து ஒருபுறமாகச் சாய்ந்திருக்கிறது. ஓடைக் கரையில் விளையாடும் சிறுவர்கள் பந்தைத் தேடி நுழைவதற்கு அந்த இடைவெளி தாராளமாகப் போதும். அந்தப் படத்தையும், அருகிலுள்ள தெருவின் பெயரையும், கதவு எந்தப் பக்கம் உடைந்திருக்கிறது என்ற குறிப்பையும் சேர்த்து உள்ளாட்சி அலுவலகத்தில் எழுத்து மூலம் புகார் கொடுத்து, பதிவெண்ணை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். முதல் படத்திலுள்ள சாம்பல் நிறக் குழாயையும் அதே புகாரில் தனி வரியாகக் குறிப்பிடுங்கள். கள்ள இணைப்பு என்று நீங்கள் தீர்ப்புச் சொல்ல வேண்டாம், இடத்தைக் காட்டினால் போதும், ஆய்வு செய்வது அவர்கள் பொறுப்பு.